காத்தான் கூத்தும் கலர்ப் பெட்டியும்

வா பிள்ளை, வா. சப்பாத்தை அந்த ரப்பர்த் தட்டில கழட்டு, ஸ்னோ உருகினா மருமகள் என்னைத்தான் ஏசுவாள். பைக்குள்ள என்ன, திரும்பவும் கலர்ப் பெட்டியோ?

போன கிழமை எங்கட முதியோர் சங்கத்தில ஆளுக்கொரு வெள்ளைத் தாளைத் தந்து, "உங்கட மனத்துயரைக் கீறுங்கோ" எண்டனி. நானும் கீறினன். நீ பாத்திட்டு, "ஐயா, இந்தக் கறுப்பு உருண்டைதான் உங்கட இழப்போ?" எண்டு கண்கலங்கிப் போனாய். அது வடை, பிள்ளை. கருகின வடை. மூண்டு மணியாகியும் ஆரும் தேத்தண்ணி தரேல்லை.

கோவியாதை. உன்ர படிப்பில பிழையில்லை. உலக சுகாதார நிறுவனமே 2019இல, 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பாத்து, பாட்டும் ஆட்டமும் ஓவியமும் உடம்புக்கும் மனத்துக்கும் உதவுமெண்டு அறிக்கை விட்டதாம். பேரன் வாசிச்சுக் காட்டினவன். செத்த வீட்டில ஒப்பாரி வைச்ச எங்கட ஆச்சிமாரை ஒருக்கால் கேட்டிருந்தா அவையளுக்குச் செலவு மிச்சம்.

ஆனா நோட்டீஸில 'மனநலம்' எண்டு கொட்டை எழுத்தில அடிச்சாய் பார்! ஸ்காபரோவில எந்தத் தமிழன் அதுக்கு வருவான்? வாசலில கண்டவை "அவருக்கு விசராம்" எண்டு சொல்ல, கதை பொழுதுபட முன்னம் பக்கத்து மார்க்கம் நகருக்குப் போய்ச் சேந்திடும். 'காத்தவராயன் கூத்துக்கு ஆக்கள் தேவை' எண்டு போட்டுப் பார். லிஃப்ட் வரைக்கும் நடக்கமாட்டாத கிழவனும் காத்தான் வேசம் கேட்டு வருவான்.

இந்தச் சூட்சுமம் ரொறன்ரோக்காரர் ஒராளுக்கு முந்தியே பிடிபட்டது. போல் ஹோகன் எண்டு ஓவியர். 80களில இஞ்ச ஒரு புனர்வாழ்வு ஆஸ்பத்திரித் தோட்டத்தில, ஏலாத பிள்ளையளையும் அயல் பிள்ளையளையும் கலந்துவிட்டு, 'ஸ்பைரல் கார்டன்' எண்டு ஒண்டு நடத்தினவர். 1996இல மட்டக்களப்புக்குப் போய், இயேசு சபைப் பாதிரியார் போல் சற்குணநாயகத்தோட சேந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார். சண்டைக்குள்ள வளந்த தமிழ்ப் பிள்ளையளும் முஸ்லிம் பிள்ளையளும் ஒண்டாப் பஸ்ஸில வந்து இறங்குவினம். அங்க களிமண் இருக்கும், சாயம் இருக்கும், கதை கட்டலாம், கூத்தாடலாம். சொல்லவேண்டியதைப் பிள்ளை தான் பிசைஞ்ச களிமண் சிங்கத்தின்ர வாயால சொல்லட்டுமெண்டு விட்டுப்போட்டினம். நாங்கள் அங்கயிருந்து இஞ்ச ஓடிவர, மருந்து இஞ்சயிருந்து அங்க போயிருக்கு. எயார்போட்டில எதிரும் புதிருமாச் சந்திச்சிருப்பம், ஆருக்குத் தெரியும்.

இஞ்சயும் 90களில மனவெளி கலையாற்றுக் குழு 'அரங்காடல்' எண்டு நாடகம் போடத் தொடங்கினது. டிக்கெட் எடுத்துப் போன எங்களுக்கு இது சிகிச்சையெண்டு ஆரும் சொல்லேல்லை. சொல்லியிருந்தா காசைத் திருப்பிக் கேட்டிருப்பம்.

உன்ர அந்த ஃபோமையும் கொஞ்சம் ஒளிச்சு வை. சிரிச்ச மூஞ்சை, அழுத மூஞ்சை கீறி, ஒண்டிலயிருந்து பத்துக்குள்ள சந்தோசத்துக்குப் புள்ளி போடட்டாம். எங்கட ஆக்கள் எட்டுத்தான் போடுவினம். பத்துப் போட்டா கண்ணூறு, ஏழு போட்டா நீ டொக்டரிட்டை அனுப்பிப்போடுவாய்.

கூத்துப் பழகேக்க சண்டை வரும், விலக்காதை. போன மாரி எங்கட பேஸ்மன்டில கூத்தின்ர முன்பாதியில வாற முன் காத்தானுக்கு ஆளில்லை, கழுவேறுற பின் காத்தானுக்கு நாலு பேர். உடுக்கை ஆர் அடிக்கிறதெண்டு வேற இழுபறி. மூலையில ஒரு மனுசன், டிம் ஹோட்டன்ஸ் கோப்பியைப் பிடிச்சபடி சும்மா இருப்பார். ஊரில மகனைப் பறிகொடுத்தவர். அதைப் பற்றி ஒரு சொல் கதைச்சதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கழுமரக் கட்டம் வந்தது. மகன் காத்தானுக்காக மாரியம்மன் அழுது பாடவேணும். அந்த வேசக்காரருக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு, இருமல். மூலையில இருந்தவர் கோப்பியைக் கீழ வைச்சிட்டு எழும்பி, அந்தப் பாட்டைப் பிடிச்சார். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். உடுக்குக்காரன்தான் அவரைத் தேடித் தேடிப் போய் அடிச்சான். பாடி முடிச்சு இருந்து, ஆறின கோப்பியைக் குடிச்சார். அடுத்த கிழமை எல்லாருக்கும் முதல் வந்து கதிரை அடுக்கினார்.

உன்ர ஃபோமில இதுக்கு எத்தினை புள்ளி பிள்ளை?

சரி, சரி, முகத்தைத் தூக்கி வைச்சிருக்காதை. வாற புதன் பின்னேரம் வா, கலர்ப் பெட்டியோட. பின் காத்தான்ர முடி வெளிறிப்போச்சு, தங்கக் கலர் இருக்கோ அதுக்குள்ள?