பதின்மூன்றாம் மாத மோட்டார்
தொண்டியில் மலிவு சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஓராண்டு வாரண்டி. மோட்டாருக்கும் காலண்டர் பார்க்கத் தெரியும். பதின்மூன்றாம் மாதம்தான் காயில் கருகும். தப்பித்தவறி ஆண்டுக்குள்ளேயே கருகி, கழற்றித் தூக்கிப்போனால் கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் காட்டுவார்: உப்புத் தண்ணீர், லோ வோல்டேஜ், தண்ணீரில்லாமல் ஓட்டியது, இவற்றுக்கெல்லாம் வாரண்டி கிடையாது. பாக் நீரிணை ஓரத்தில் இந்த மூன்றையும் கழித்துவிட்டு எந்த மோட்டார் ஓடும், அண்ணே?

சுற்றியுள்ள தண்ணீர்தான் இதற்குக் குளிர்ச்சி. கோடையில் மட்டம் இறங்கினால் தன் சூட்டிலேயே வெந்துபோகும். போதாததற்கு, உப்பிலுள்ள குளோரைடு ‘துருப்பிடிக்காத’ ஸ்டீலிலும் ஊசிமுனை ஓட்டை போடும். 316 ரக ஸ்டீல் கொஞ்சம் தாங்கும். அதன் விலையை நாம் தாங்க மாட்டோம்.

ஆக, இதில் நீடித்து உழைப்பவர் காயில் கட்டுபவர் ஒருவர்தான். அவர் வீட்டு முற்றத்தில் இருப்பது அடிபம்பு.