காலிமுகத்திடலைக் காசு கரையாமல் காண்டல்: ஒரு காத்தான்குடி ஆய்வு

கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே, ஒரு வீட்டில் கறி தாளித்தால் அடுத்த நாலு வீட்டாரும் என்ன கறி என்று சொல்லிவிடும் அளவுக்கு நெருக்கமாகக் கட்டிய ஊர் காத்தான்குடி. சூரியன் கடலில் எழுகிறது, வாவியில் விழுகிறது. இரண்டுக்கும் டிக்கட் இல்லை. அப்படியிருந்தும் இவ்வூரார் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கிப் போய், கொழும்பில் கடல் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஏன் போகிறார்கள் என்பது ஞானிகளுக்குரிய கேள்வி. எப்படிக் காசு கரையாமல் போய் வருகிறார்கள் என்பதே யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் சூத்திரம்:

கைப்பொருள் கரையாக் கடல்காண் பயணம்
சிக்கனம் என்ப சென்றுவந் தோரே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கொழும்புப் பயணத்தின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. 'சென்றுவந்தோர்' என்றதனால், திண்ணையில் இருந்தபடியே கணக்குப் போட்டு அறிவுரை கூறும் மாமாமார் விலக்கப்பட்டனர்.

இனிப் பயணத்தின் காரணம். காத்தான்குடியில் 'கொழும்பு பார்க்கப் போறம்' என்று சொல்லி யாரும் கொழும்புக்குப் போவதில்லை. அலுவலாகத்தான் போவார்கள். பத்தரமுல்லையில் பாஸ்போட் எடுக்க வேண்டும், கட்டுநாயக்கவில் கட்டாருக்குப் போகும் மகனை வழியனுப்ப வேண்டும், புறக்கோட்டையில் கடைக்குச் சாமான் எடுக்க வேண்டும், கண் ஆஸ்பத்திரியில் மூத்தம்மாவைக் காட்ட வேண்டும். இவற்றுள் கண் ஆஸ்பத்திரியே ஆய்வுக்கு மிகவும் உகந்தது. மூத்தம்மாவுக்கு ஒரு கண்ணில்தான் பூ. அவருக்குத் துணையாக உம்மா போக வேண்டும். உம்மாவுக்குத் துணையாகச் சாச்சி. சாச்சி போனால் அவர் பிள்ளைகள் மூன்றையும் யாரிடம் விடுவது? சாமான் தூக்க ஓர் ஆம்பிளை வேண்டாமா? இவ்வாறாக ஒரு கண்ணைக் காட்ட ஏழு பேர் பஸ் ஏறுகிறார்கள். ஏழு பேரின் பஸ் காசும் வைத்தியச் செலவில் எழுதப்படும். வைத்தியச் செலவைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆகவே காலிமுகத்திடலுக்கென்று தனியாக எழுதப்படும் தொகை சுழியம். இதை 'அலுவற் கோட்பாடு' என்று யாம் பெயரிடுகிறோம்.

பயண வழியில் அறிஞர்கள் இரு கட்சி. ரயில் கட்சியினர், மட்டக்களப்புக்கு 1928 இல் ரயில் பாதை வந்ததிலிருந்தே இதைவிட மலிவான வழி கிடையாது என்பர். உண்மைதான். ஆனால் அந்தப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது, தெற்கே காத்தான்குடிக்கு வரவில்லை. மூட்டை முடிச்சோடு கல்லடிப் பாலம் தாண்டி ஸ்டேஷனுக்குப் போக ஓட்டோ பிடித்தால், ரயிலில் மிச்சம் பிடித்தது அங்கேயே இறங்கிவிடும். பஸ் கட்சியினரோ ஊர்ச் சந்தியிலேயே ஏறி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எல்லாவற்றையும் தூக்கத்தில் கடந்து, விடியமுன் புறக்கோட்டை பஸ்தியன் மாவத்தையில் இறங்குகிறார்கள். நடுராத்திரியில் தேத்தண்ணிக் கடையில் பஸ் நிற்கும். அப்போது பிள்ளைகளை எழுப்பக் கூடாது என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடில்லை. எழும்பிய பிள்ளை ரோல்ஸ் கேட்கும்.

தங்குமிடமே இவ்வாய்வின் கருப்பொருள். ஹோட்டல் அறை என்பதைக் காத்தான்குடிச் சிக்கனவியல் ஒரு பேச்சாகவே எடுப்பதில்லை. கொழும்பில் சொந்தக்காரர் இருப்பார், தெமட்டகொடையிலோ மாளிகாவத்தையிலோ தெஹிவளையிலோ. ஆனால் அந்த வீடு யாருடையது என்று பார்க்க வேண்டும். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பது வழக்கம். மகள்மார் ஊரிலேயே இருப்பார்கள், மகன்மார் பெண் வீட்டுக்குப் போவார்கள். ஆகவே கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர் பெரும்பாலும் கொழும்பில் கலியாணம் முடித்த மகனாகவோ தம்பியாகவோதான் இருப்பார், வீட்டின் அதிகாரம் அவர் மனைவியிடம் இருக்கும். தம்பியிடம் போனில் 'வாறம்' என்று சொன்னால் அவர் 'வாங்க வாங்க' என்பார். அந்த 'வாங்க'வுக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. இசைவு பெற வேண்டியது மச்சியிடம்.

அந்த இசைவு மண் சட்டியில் கிடைக்கிறது. மட்டக்களப்பு எருமைத் தயிரின் பெருமை கொழும்பில் அறியாதார் இல்லை. கடைத் தயிர் கரண்டியில் வழியும், இது சட்டியைக் கவிழ்த்தாலும் விழ யோசிக்கும். ஓரிரவு ஹோட்டல் வாடகைக்கு எத்தனை சட்டி ஈடாகும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆளுக்கு ஒரு சட்டி என்பது பழைய மரபு. இந்நாளில் தயிரோடு கஜுவும், வாவி றாலும், தொதலும் சேர்ந்தால்தான் மூன்று இரவு தாங்கும்.

சட்டியைக் கொண்டு போவது தனிக் கலை. மேலே வாழையிலை, அதன் மேல் தாள், பிறகு துணியால் இறுக்கி முடிச்சு. அடியில் பழஞ்சாரத்தைச் சுருட்டி வளையமாக்கி, அந்த வளையத்தை மடியில் வைத்து, அதன்மேல் சட்டியை வைப்பார்கள். பஸ்ஸின் மேல் தட்டில் வைப்பவன் முதல் வளைவிலேயே பக்கத்து ஆசனத்தாருக்குத் தயிர் தானம் செய்தவனாவான். ஆகவே ஏழு பேரில் இருவர் இரவு முழுதும் அசையாமல் இருக்க வேண்டும். அவ்வேலையில் ஒன்று மூத்தம்மாவுக்குப் போகும். அவர்தானே நோயாளி, எப்படியும் தூங்கப் போவதில்லை. மச்சி கதவைத் திறந்ததும், "இவ்வளவு தூரம் ஏன் மாமி கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு வந்தீங்க?" என்பார். கேட்கும்போதே பார்வை சட்டிகளை எண்ணி முடித்திருக்கும்.

ஆனால் விடியமுன் யாரும் மச்சி வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இந்த இடைவெளியைப் புறக்கோட்டை நிரப்புகிறது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளி நிற்கிறது. 1908 இல் கட்டத் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்தார்கள். கடலில் வரும் கப்பற்காரர் இதைப் பார்த்தே கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்தார்களாம். மடியில் தயிரோடு வரும் காத்தான்குடியாருக்கும் அதே அடையாளம்தான். ஹவுலில் வுழூச் செய்து சுபஹு தொழுது நிமிரும்போது பொழுது விடிந்திருக்கும். சரித்திரப் புகழ்பெற்ற முதலாவது இடத்தையும் செலவின்றிப் பார்த்தாயிற்று.

டிக்கட் கேட்பதால் நம் பட்டியலில் சேராத கொழும்பு அருங்காட்சியகத்தைப் பற்றியும் ஒரு சொல். 1877 இல் திறந்த அக்கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். திறப்பு விழாவில் ஆளுநர் கிரெகரி என்ன வேண்டும் என்று கேட்க, வெள்ளிக்கிழமைகளில் மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடியும் இருந்தது. கேட்டது கேட்டார், காத்தான்குடியாருக்கு டிக்கட் வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

இனிக் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் இந்த உலாவு பாதையைத் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலன் கருதி இதைப் பின்வரும் ஆளுநர்கள் பேண வேண்டும் என்று கல்லிலும் எழுதி வைத்தார். இங்கே ஒரு சட்டச் சிக்கல் எழுகிறது. கல்வெட்டில் கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும்தான் வருகிறார்கள். காத்தான்குடிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டா? மச்சி வீட்டில் ஓரிரவு தங்கினாலே கொழும்பார் ஆகிவிடுவர் என்பது எம் துணிபு. அவர்களோடு வரும் ஆண்கள் சாமான் தூக்குவோர் என்ற வகையில் அடங்குவர். 2022 இல் இதே திடலில் மாதக்கணக்கில் கூடாரமிட்டுத் தங்கியோர் இருந்தனர். அவர்கள் வந்தது ஒரு ஜனாதிபதியை அனுப்பிவைக்க என்பதால் எம் ஆய்வுக்குள் வரார்.

திடலில் மாலை நாலரைக்குப் பன்பாய் விரிகிறது. காற்று அதைத் தூக்கும், ஆகவே நாலு மூலையிலும் நாலு பேர் அமர்வர். நடுவில் லன்ச் ஷீட்டில் புட்டும் பொரித்த இறைச்சியும். இடப்பக்கம் 1864 இல் திறந்த ஹோட்டல், முன்னால் கடல். வலப்பக்கம் கடலை நிரப்பிய துறைமுக நகர். மூன்றையும் பாயில் இருந்தே பார்க்கலாம். இதுவரை செலவு எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் றால் வடை குறுக்கிடுகிறது. பருப்பு வடையின் முதுகில் தலையும் மீசையுமாக முழு றால்கள் படுத்திருக்கும் பண்டம் அது. வண்டிக்காரர் தட்டைத் தட்டியதும் சின்னவன் எழும்பி நிற்கிறான். உம்மா வண்டிக்குப் போய் ஒரு வடையைத் திருப்பிப் பார்க்கிறார்.

"இது றாலா? எங்கட வாவியில இத வலையிலருந்து தட்டி உட்டுருவாங்க."

"வாவி றாலு இஞ்ச வராதும்மா. வாங்கித் தாங்க."

"ஊட்ட போனா ஒரு சட்டி பொரிச்சித் தாறன் மனே."

"எனக்கு இஞ்சதான் வேணும்."

சிக்கனவியலில் இதற்கு மறுமொழி இல்லை. வாவியில் கிலோக் கணக்கில் கிடைக்கும் பொருளை, முந்நூறு கிலோமீற்றர் வந்து, எண்ணிப் பார்க்கக்கூடிய அளவில் வாங்குகிறார்கள். பிறகு றால் யாருக்கு, வடை யாருக்கு, ஒட்டியிருந்த வெங்காயமும் மிளகாய்த் தூளும் யாருக்கு என்ற பங்கீட்டில் சூரியன் மறைந்துவிடும். அது கடலில் இறங்கியதை யாரும் பார்த்ததாகச் சான்று கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் உம்மா அறிவிப்பார்: "ஒண்டும் பெரிசா முடியல்ல." இந்த அறிக்கையையே முன்னைய ஆய்வாளர் பலரும் முடிவாகக் கொண்டனர். அவர்கள் பருவக்காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. வாடை வீசும் மார்கழி, தையில் எங்கள் கடல் பொங்கும், வெள்ளம் முற்றம் வரை வரும், அப்போது கொழும்புக் கடல் அடங்கிக் கிடக்கும். நாங்கள் அங்கே போகிறோம். சித்திரை கழிந்து தென்மேற்கு மழை தொடங்கினால் கொழும்புக் கடல் திடலின் சுவரில் அறையும். இங்கே கச்சான் அடிக்கும், கிழக்குக் கடல் குளமாகிவிடும், பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் வெகு தூரம் நடக்கலாம். ஆகவே செலவு அழிவதில்லை. ஆறு மாதம் தவணை கேட்டுக்கொண்டு காற்றோடு திசை மாறி வருகிறது. பழைய பாய்க்கப்பல் வணிகமும் இந்தக் காற்றுகளை நம்பித்தான் நடந்தது.

தம்பி குடும்பத்தோடு வருகிறார். மச்சியின் ராத்தா குடும்பமும் கூட வருகிறது. தயிர்ச் சட்டிக்கு எதிர்ச்சீராகப் புறக்கோட்டையில் வாங்கிய ஒரு பெட்டி மஸ்கட். பாயில் படுத்துப் பழகாத பிள்ளைகளுக்காக மெத்தை இரவல் வாங்கப்படுகிறது. உம்மா சமையலறையில் ஆட்டுக்கும் கோழிக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பை இறக்கி முடியுமுன்னே மச்சி வாசலில் நின்று கேட்கிறார்:

"மாமி, பாசிக்குடாவுக்கு வேன் சொல்லிட்டீங்களா? ஏசி இருக்கிற வேனாப் பாத்துச் சொல்லுங்கோ."