புத்திசாலி வீட்டுக்கு ஒரு குடிபுகல்

ஸ்மார்ட் பல்பு ஒன்று வாங்கி மாட்டினால் போதும் என்று நினைப்பவர் அப்பாவி. முதலில் கருவிகள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் மொழிகளில் ஒன்றில் கட்சி சேரவேண்டும்: ஜிக்பீயா, இசட்-வேவா, வைஃபையா? இந்தச் சண்டையைத் தீர்க்க 2022இல் ‘மேட்டர்’ என்ற பொதுத்தரம் வந்தது. பெட்டிமேல் தேடவேண்டிய முத்திரை இன்னொன்று கூடியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வீட்டுக் கருவிகளையெல்லாம் இணைக்கும் ரெவால்வ் ஹப் என்ற பெட்டியை வாங்கியவர்கள் கதை விசேஷம். விலை 300 டாலர். ஆயுள் சந்தாவும் அதில் அடக்கம் என்றார்கள். 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள், பெட்டி செத்தது. யாருடைய ஆயுள் என்று வாங்கும்போதே கேட்டிருக்கலாம். அடுத்தவர் சர்வரை நம்பவேண்டாம் என்றால் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் இருக்கிறது; இலவசம், வீட்டுக்குள்ளேயே ஓடும். ஆனால் மாதா மாதம் அப்டேட் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சம்பளமில்லாத அந்த ஆள் நீங்கள்தான்.

எல்லாம் அமைத்தபின் மாமியார் வழக்கம்போல் சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பார். அப்புறம் எந்த ஆப்பாலும் அந்தப் பல்பை எழுப்ப முடியாது.