கப்பலை எடைபோடுபவன்

“கடையில் தக்காளி எடையில் ஏமாந்து வருகிற மனுஷன், துறைமுகத்தில் கப்பலை எடைபோடுகிறாராம்” என்று வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்வாள். இரண்டும் உண்மைதான். தூத்துக்குடியில் நான் மரைன் சர்வேயர். வந்த நிலக்கரி எத்தனை டன் என்று விற்றவரும் வாங்கியவரும் மல்லுக்கட்டாமல் இருக்க, நடுவில் நின்று கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன்.

எழுபதாயிரம் டன் சரக்கை ஏற்றி வரும் கப்பலை நிறுக்கத் தராசு ஏது? அது எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்கு. முன்னால், நடுவில், பின்னால் என இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடங்களில் எண்கள் எழுதியிருக்கும். கடல் பக்கத்து எண்களைப் படகில் போய் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம். தண்ணீர் ‘4’-இன் அடியைத் தொட்டால் 40, தலையைத் தொட்டால் 50. பாலபாடம். ஆனால் படகு ஆடும், அலை ஏறி இறங்கும், எனக்குக் குமட்டும். ஒருமுறை நடுப்பக்க ‘4’-இன் தலையைப் பார்த்துவிட்டு 40 என்று எழுதினேன். மறுபக்கம் சரியாக 50. சீஃப் ஆபீசர் இரண்டையும் பார்த்துவிட்டு, “கப்பல் சாய்ந்திருக்கிறதா, நீங்கள் சாய்ந்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

அந்த அளவுக் கப்பலில் 1 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 65 டன். சராசரி எடுத்த பிறகும் என் குமட்டல் 240 டன் கரியை விழுங்கியிருக்கும்.

தண்ணீரின் அடர்த்தியிலும் கோட்டை விட்டிருக்கிறேன். மழை விட்ட காலையில், ஆழத்தில் எடுக்க வேண்டிய தண்ணீரைச் சோம்பலில் மேலாக மொண்டு ஹைட்ரோமீட்டரை விட்டேன். கடல்நீருக்கு 1.025 வர வேண்டும். மேலே மழைத்தண்ணீர் கலந்ததால் 1.020 காட்டியது. மொத்தம் 80,000 டன் எடையுள்ள கப்பலில் இந்த வித்தியாசமே 390 டன். திரும்ப எடுக்க வைத்தவரும் அதே சீஃப் ஆபீசர்தான். அவருக்கு என்மேல் ஒரு கண்.

கேப்டன் நீட்டும் சிகரெட் பாக்கெட்டை வாங்காமல் வருவதில் மட்டும் நான் தோற்றதில்லை. எனக்குப் புகைப்பழக்கம் கிடையாது. அதனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இருந்தும் இந்த ஆளை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? நான் கெட்டிக்காரன் என்பதற்காக இல்லை, இரு தரப்புக்கும் சொந்தமில்லாதவன் என்பதற்காக. என் தப்புகள்கூட யார் பக்கமும் வேண்டுமென்று சாய்வதில்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகள், கயிற்றேணியில் கால் வைக்கும் முன் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.