ஞாயிறு மாலை 6:05

எங்கள் சபாவின் நிகழ்ச்சிகளுக்கு இதுவரை நிரந்தர விலாசம் கிடையாது. வாசல் கரும்பலகையில் ஒரு நேரம், அச்சடித்த அழைப்பிதழில் இன்னொரு நேரம், வாட்ஸ்அப் குழுவில் திருத்திய நேரம், ஃபேஸ்புக்கில் போன வருஷத்து நேரம். டிக்கெட் விற்கும் தளத்தில் பாடகரே வேறு. இத்தனைக்கும் சபாவுக்குச் சொந்தமாக இணையதளம் உண்டு. அதில் நிறுவனர் படமும் ஒரு குத்துவிளக்கும் இருந்தன. விளக்கின் சுடர் அசையும். அதற்குத்தான் வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

"எல்லாத்தையும் நம்ம சைட்லயே ஏத்திடலாம்" என்றார் செயலாளர் மாமா. பொறுப்பு என்னிடம் வந்தது. கமிட்டியில் வயசில் சின்னவன் நான்தான். 58.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒரு படிவத்தைத் திறந்து காட்டினான். தொடங்கும் நேரம், முடியும் நேரம். இரண்டும் கட்டாயம். கச்சேரி எப்போது முடியும் என்று யாரைக் கேட்பது? பல்லவிக்கு இறங்கிவிட்ட வித்வானுக்கே தெரியாது. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களைக் கேட்டால், அவர்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது.

தொடங்கும் நேரத்திலாவது தகராறு வராது என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4:30 முதல் 6 வரை. அதனால் எங்கள் ஞாயிறு நிகழ்ச்சிகள் 6:05க்குத்தான் தொடங்கும். படிவத்திலோ கால் மணிக்கு ஒரு நேரம்தான் இருந்தது. 6:00 அல்லது 6:15.

"ஆறுன்னே போட்டுடலாமே மாமா?"

"ஆறு மணிக்கு ராகு இன்னும் வாசல்ல செருப்பு மாட்டிண்டிருப்பான்."

"அப்போ ஆறேகால்?"

"ஒரு வர்ணம் போயிடும்."

கடைசியில் தம்பி மனமிரங்கி, 6:05 என்ற அந்த ஒரு நேரத்தை மட்டும் பட்டியலில் நுழைத்துக் கொடுத்தான். அதற்குத் தனியாக பில் வந்தது.

முதல் நிகழ்ச்சி ஏறிய அன்றே நங்கநல்லூரிலிருந்து ஓர் உறுப்பினர் கூப்பிட்டார். தளத்தில் அவர் 6:05தான் பார்த்திருக்கிறார். 'என் காலண்டரில் சேர்' என்ற பொத்தானை அழுத்தியதும் செல்போன் இரவு 11:35 என்றதாம். தளத்தின் கடிகாரம் உலகப் பொது நேரத்திலேயே நின்றிருந்தது; அதற்கு நாம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். உறுப்பினர் கோபப்படவில்லை. "அந்த நேரத்துல கேன்டீன் இருக்குமா?" என்றுதான் கேட்டார்.

கடிகாரத்தைச் சரிசெய்தோம். பஞ்சாங்கத்தை என்ன செய்வது? மென்பொருளுக்கு வருஷம் என்றால் அதே தேதி திரும்பி வர வேண்டும். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் நாங்கள் ஆராதனை நடத்துவது புஷ்ய பகுள பஞ்சமியில். அது ஜனவரியிலும் வரும், பிப்ரவரியிலும் வரும். தீட்சிதர் 1835 தீபாவளியன்று மறைந்தவர். தீபாவளியும் ஒரு தேதியில் நிற்காது. தம்பி தேடிப் பார்த்துவிட்டு, "சார், மாசத்தோட ரெண்டாவது செவ்வாய்னு ஒரு ஆப்ஷன் இருக்கு" என்றான்.

மாமா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தியாகராஜரை ரெண்டாவது செவ்வாய்க்கு மாத்தச் சொல்றியாப்பா?"

வருஷா வருஷம் பஞ்சாங்கம் பார்த்துக் கையாலேயே தேதி போடுவது என்று முடிவானது. எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா திருக்கணிதமா என்று ஒருவர் தொடங்கினார். காபி வந்ததால் பிழைத்தோம்.

இத்தனைக்கும் நான் இந்த மாற்றத்தின் கட்சிதான். மழையில் கரும்பலகை அழிந்துபோய், காவலாளி ஞாபகத்திலிருந்து பக்கவாத்தியக்காரர் பெயரை எழுதிய காலம் உண்டு. இப்போது தப்பு ஒரே இடத்தில் நடக்கிறது, திருத்துவதும் சுலபம்.

மாமாவுக்கு ஒப்பாத விஷயம் ஒன்றே ஒன்று. கச்சேரி முடிந்த மறுநாள் தளத்திலிருந்து அது காணாமல் போய்விடுகிறது. "வரப்போறதை யார் வேணா போட்டுக்கலாம்யா. நடந்ததுதானே சபா?" என்று சொல்லி, பத்திரிகை விமர்சனங்களை வெட்டி ஒட்டிய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதையெல்லாம் 'நடந்தவை' என்று ஏற்ற வேண்டுமாம். தம்பி தலையைச் சொறிந்தான். பல கணினிகளின் காலக்கணக்கு 1970 ஜனவரி 1இல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அவற்றுக்கு மைனஸ். எங்கள் சபாவின் நல்ல கச்சேரிகள் பாதிக்கு மேல் மைனஸில்தான் இருக்கின்றன.

எப்படியோ 1966ஐ ஏற்றுக்கொள்ள வைத்தான். பாடகர் பெயர், பக்கவாத்தியம் எல்லாம் போட்டாகிவிட்டது. முடியும் நேரம் கட்டாயம் என்று சிவப்பில் வந்து நின்றது.

"போகட்டும், ஒம்பதுன்னு போடறேன்" என்றேன்.

"ஒம்பதா? பதினொண்ணு பத்து" என்றார் மாமா. "அப்பாவோட வந்திருந்தேன். கடைசி பஸ் போயிடுத்து. அவர் தோடியைப் பாடிண்டே நடந்தார், நான் பசிக்கறதுன்னு அழுதுண்டே நடந்தேன்."

தம்பி பட்டியலைத் திறந்தான். 11:00 இருந்தது. 11:15 இருந்தது.