போருக்குப் போன துப்பாக்கி

கேள்வி: பழைய எம்1 கேரண்ட் துப்பாக்கிகளை அமெரிக்காவுக்குத் திரும்பக் கொண்டுவருவதில் என்ன சிக்கல்?

பதில்: போருக்குப் போகும்போது துப்பாக்கியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஊர் திரும்பும்போதுதான் விசாரணை!

1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற இந்த ரைஃபிளை, தென்கொரியா, பிலிப்பைன்ஸ் போன்ற நட்பு நாடுகளுக்கும் அமெரிக்கா கொடுத்தது. எட்டாவது குண்டு பாய்ந்ததும் காலி கிளிப் ‘டிங்’ என்று வெளியே துள்ளும். அந்தச் சத்தம் போதும், முன்னாள் வீரர்களுக்குப் பழைய பதுங்குகுழி கண்முன் வந்துவிடும். சேகரிப்பாளர்களோ அடிக்கட்டையில் குத்திய முத்திரையைத் தடவிப் பார்த்து மயங்குவார்கள்.

தென்கொரியா பல்லாயிரம் துப்பாக்கிகளை விற்க முன்வந்தபோது, தவறான கைகளுக்குப் போய்விடும் என்ற அச்சம் குறுக்கே நின்றது. 2013இல் ஒபாமா அரசு தனியார் இறக்குமதிக்குக் கதவடைத்தது. ஆனால் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவை, பின்னணிச் சோதனை செய்தே விற்கும் சிஎம்பி (சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம்) என்ற அமெரிக்க அமைப்புக்குப் போயின.

அதுதான் சரியான வழி. பழைய துப்பாக்கிகளோடு வரலாற்றையும் உருக்கிக் கம்பியாக்க வேண்டாம். வாங்குபவர் யாரென்று பார்க்காமல் கொடுக்கவும் வேண்டாம்.