அட்டைப்பெட்டி மகாத்மியம்

"தொடாதீங்க சார், கண்ணால பாருங்க" என்பதுதான் கேமரா சேகரிக்கும் அந்த மனிதர் வீட்டு வரவேற்பு. காபி டம்ளரை ஹாலிலேயே வைத்துவிட்டால்தான் கேமரா அறைக்குள் அனுமதி.

கேமராவைக் காட்டப்போகிறார் என்று நம்பித்தான் போவோம். அவர் காட்டுவது பெட்டியை. முதலில் வெளி அட்டைப்பெட்டி. அதில் இருக்கும் டேப் ஜெர்மனியில் ஒட்டியதாம்; கிழிந்தால் விலை போச்சு. அதனால் அடிப்பக்கமாகத் திறக்க ஒரு வழி வைத்திருக்கிறார். உள்ளே இன்னொரு பெட்டி. அதன் மூலை லேசாக நசுங்கியிருக்கும். கொண்டுவந்த கூரியர்காரரின் ஏழு தலைமுறைக்கும் சாபம் கொடுத்துவிட்டுத்தான் அதைத் திறப்பார். அதற்குள் பெயர் எழுதாத, முத்திரை விழாத உத்தரவாத அட்டை. "இது இல்லேன்னா பாதி விலைதான் சார்." அடுத்து, அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாத ஜெர்மன் மொழிக் கையேடு. பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். "ஒரிஜினல்!" என்று அதையும் விளக்கில் தூக்கிப் பிடிப்பார்.

கடைசியில் பிளாஸ்டிக் உறைக்குள் மங்கலாக ஏதோ தெரியும். "பார்த்தாச்சா?" அவ்வளவுதான். எல்லாம் வந்த வரிசைக்குத் தலைகீழாக உள்ளே போகத் தொடங்கும்.

மூடும்போது சரித்திரம் சொல்வார். 1929-லேயே லைக்கா தங்க முலாம் பூசி, பல்லித்தோல் போர்த்தி ஒரு கேமரா விட்டது. 1984-ல் நிக்கான் தன் எஃப்.ஏ. கேமராவுக்குத் தங்கம் பூசியது. 1989-ல் லைக்கா எம்6-க்குப் பிளாட்டினம். "மொத்தமே 1,250 சார். அதுல ஒண்ணு இது."

"சாதா எம்6-லயும் இதுலயும் எடுக்கிற படத்துல என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"படமா?" என்றார்.

அவரும் ஒருமுறை ஏமாந்திருக்கிறார். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் முத்திரை போட்ட தங்க லைக்கா என்று பெரிய தொகை கொடுத்து வாங்கினார். லென்ஸைக் கழற்றினால், லைக்காவில் சின்ன உருளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கார்கிவ் நகரத்து சோவியத் ஃபெட் கேமராவுக்கு யாரோ வேஷம் கட்டிவிட்டிருக்கிறார்கள். பெட்டியும் இல்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

ஆனால் அந்தப் போலி ஒன்றில்தான் அவர் ஃபிலிம் போடுகிறார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால் ஆளே வேறு. அயர்ன் வண்டிக்காரரையும், கோலத்தின் மேல் படுத்திருக்கும் நாயையும் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவ்வளவு அழகு. வெளிச்சத்தைக் கண்ணாலேயே அளக்கிறார். இத்தனை கைத்திறனை வைத்துக்கொண்டு இந்த மனிதர் அட்டைப்பெட்டிக்குக் காவல் இருக்கிறாரே!

லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் ஆஸ்துமாக்காரர். கனத்த தட்டுக் கேமராவைச் சுமந்து நடக்க முடியாமல்தான், கையோடு கொண்டுபோகச் சின்னதாக ஒன்று செய்தார். அந்த வம்சத்துக் கேமரா இங்கே பீரோவை விட்டு நகர்வதில்லை. இயக்காமலே வைத்தால் உள்ளே கிரீஸ் இறுகி ஷட்டர் சிக்கிக்கொள்ளும். சிக்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவும் வழியில்லை. தட்டினால் அது 'பயன்படுத்தியது' ஆகிவிடும்.

அவர் காசு, அவர் பீரோ. ஆனால் இப்படி ஆளாளுக்குப் பதுக்கியதில் சாதா எம்6-கூட லட்சங்களில் போய் நிற்கிறது. எதிர்வீட்டுப் பையன் ஃபிலிமில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, பழைய கேமரா ஏதாவது ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா என்று இவரிடம் கேட்டான்.

"போன்லயே எடுத்துப் பழகுப்பா" என்றவர், போகிறவனைக் கூப்பிட்டு, "போன் வந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதே" என்றார்.